மூன்று முறை ஊத வேண்டும்

மூக்கில் கிளிப்பை மாட்டுகிறேன்.
அட்டைக் குழாயைப் பல்லுக்கு நடுவே வைத்து
உதட்டால் இறுக்கிக்கொள்ளுங்கள், மிஸ்டர் படையாச்சி.
மூன்று முறை ஊத வேண்டும்.
மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

ஆங்கிலத்தில் சொல்வேன், சுலுவில் சொல்வேன்,
மியர்பேங்க்காரர் என்றால் தமிழிலேயே அதட்டுவேன்:
ஊது, ஊது, ஊது, இன்னும், விடாதே.
மரியாதைக்கு நேரமில்லை. ஆறு விநாடிதான்.

முதல் கோடு ஏறப்போய்
மனம் மாறிப் பாதியில் உட்கார்ந்தது.
இரண்டாவது வேறெங்கோ உட்கார்ந்தது.
எனக்குப் புரிந்துவிட்டது.
பத்தொன்பது வருஷமாய் இந்த மேசை, டர்பனின் இந்த வராந்தா.
கார் நிறுத்துமிடத்தில் மகள் கெருஷா சொல்லியிருப்பாள்:
"மெதுவா ஊதுப்பா. நம்பர் குறைஞ்சாத்தான் பணம்."

நிஜம் எத்தனை தடவை ஊதினாலும் அதே இடத்துக்கு வரும்.
பொய்யை இரண்டு முறை ஒரேபோல ஊத
யாருக்கும் நெஞ்சில்லை.

அதைச் சொல்லாமல் தண்ணீர் கொடுத்தேன்.
ஜன்னலைத் திறக்கவில்லை;
வெளியே தென்மேற்குக் காற்று,
சுத்திகரிப்பு ஆலையின் அழுகல்முட்டை வாடையோடு.

ஜேக்கப்ஸில் கூரைத்தகடு ஆலை, இருபத்தாறு வருஷம்.
சாக்கைக் கத்தியால் கிழித்து
நீல நாரைக் கையால் உதறிக் கலவையில் கொட்டும் வேலை.
கல்நார்.
கல்லில் நார் உரிக்கிறவன் என்று
கஞ்சனைத் திட்டுவார்கள் நம்மவர்கள்.
இவர் நிஜமாகவே உதறினார், வாரக்கூலிக்கு.

உள்ளே போகும் பாதை அப்படியொன்றும் திறந்த வீடில்லை.
மூக்கு வடிகட்டும், நனைக்கும், சூடாக்கும்.
குழல் இரண்டாகும், இரண்டு நாலாகும்,
இருபத்துமூன்று தரம் பிரிந்து
கடைசியில் காற்றுப்பைகள்.
படத்தில் திராட்சைக்கொத்து என்று போட்டிருக்கும்.
எனக்கு அது துணி துவைத்த வாளியில் நிற்கும் நுரை.
அத்தனை மெல்லிய சுவர்:
இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம்.
சிவப்பணு நின்று கதை பேசாது.
முக்கால் விநாடி. கொடுப்பதைக் கொடுத்து
வாங்குவதை வாங்கிக்கொண்டு போய்விடும்.

வழியெங்கும் மயிரிழைகள்
அழுக்கை மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்,
நாம் கனைத்துத் துப்பும்வரை.
நார் மட்டும் ஊசிபோல் நீளவாக்கில் நழுவி
அடிவரை இறங்கிவிடும்.
காவலுக்கு நிற்கும் அணு அதை விழுங்கப் பார்க்கும்.
தன்னைவிட நீளமானதை.
அது சாகும். இன்னொன்று வரும். அதுவும்.
செத்த இடமெல்லாம் தழும்பாகி
நுரை தோலாகிக்கொண்டிருக்கும்,
முப்பது வருஷம், வலியே இல்லாமல்.

தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.
"நான் கோல்கீப்பர், தெரியுமா?
நான் விசிலடிச்சா அடுத்த மைதானத்திலே ஆட்டம் நிக்கும்."
நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டேன் போல.

மூன்றாவது.
"இழுங்க... இன்னும்... விலா விரியட்டும்... இப்ப!"
ஊதினார்.
தொப்பி விழுந்தது. கழுத்து நரம்பு கயிறானது.
கெருஷாவும் நஷ்டஈடும் எங்கேயோ போய்விட்டார்கள்.
ஒளித்து வைத்த அத்தனையையும் என் குழாயில் கொட்டினார்.

திரையைப் பார்த்தேன்.
மறுபடி பார்த்தேன்.
நடித்த மூச்சுக்கும் நடிக்காத மூச்சுக்கும் நடுவே
ஒரு சின்ன டீக் கோப்பை அளவு.

"பாஸா?" என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

எவ்வளவு ஊதினாலும்
ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும்.
அது இல்லையென்றால் பைகள் ஒட்டிக்கொள்ளும்.
இந்தக் கருவிக்கு அந்தக் காற்றைத் தெரியாது.
வெளியே வந்ததைத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.

"இதேபோல இன்னும் ரெண்டு வேணும்" என்றேன்.
குனிந்து தொப்பியை எடுத்தார். நிமிர நேரமானது.
கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"முழுசா ஊதினேன்னு
மகள்கிட்ட மூச்சு விடாதீங்க."

புதுக் குழாயின் காகிதத்தைப் பிரித்தேன்.