இடது கையுறை

வினிப்பெக். ஆகஸ்ட். வெளியே முப்பத்தொரு பாகை.
விமான இறக்கையில் பனி அகற்றுவதை
எப்படிப் படம் பிடிப்பதென்று
கூட்டம் போட்டிருக்கிறோம்.

சுவரெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள்.
தாளுக்கு ஒரு படி என்பது என் கணக்கு.
கமரா இரண்டு. மைனஸ் முப்பதில்
பற்றரி இருபது நிமிடம் தாங்கும்,
என் விரல் அதுவும் தாங்காது.

ரோவெனா நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டாள்:
"இதுதான் இறக்கை."
தும்புத்தடியைக் குழாயாகப் பிடித்து
நுனியிலிருந்து அடிக்கு வந்தாள்.
நான் எழுதிக்கொண்டே போனேன்.
பதின்மூன்றாம் தாள் வரை பிழையில்லை.

"எப்போது நிறுத்துவீர்கள்?"
"முடிந்ததும்."
"முடிந்தது எப்படித் தெரியும்?"
"பார்த்தால் தெரியும்."
பார்த்தால் என்று எழுதி, வெட்டினேன்.
ஜனவரியில் வேலைக்கு வரும் ஒன்பது பேரும்
இந்தத் தாளை வைத்துக்கொண்டு
எதைப் பார்ப்பார்கள்?

"இன்னொரு முறை," என்றேன். சலித்துக்கொண்டு செய்தாள்.
கடைசி நாற்காலியில்
இல்லாத கையுறையை
இடக்கையிலிருந்து உருவி எடுத்து
சாய்மானத்தை ஒருதரம் தடவினாள்.

"அது என்ன?"
"எது?"
"கையுறையைக் கழற்றினீர்கள்."
"இல்லையே."

அறையில் ஏழு பேர் பார்த்திருந்தோம்.
யாரோ இரவல் தந்ததைப் போலத்
தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு, மெல்ல:
"கண்ணாடிப் பனி. கண்ணுக்குப் பிடிபடாது."

பதினான்காம் தாளை வெறுமையாகவே ஒட்டினேன்.
திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன்:
இரண்டாவது கமரா
விமானத்தைப் பார்க்க வேண்டாம்.