மிதி

ஏர்வாடி தாண்டி நம்பியாற்றுப் பாலத்தில்
என் வலதுகால் தனியாகப் போயிற்று.
மிதித்தால் தரை. எடுத்தாலும் தரை.
நடுவில் இருந்த லாரி
எப்போது கழன்றுகொண்டதென்று தெரியவில்லை.

பின்னால் அறுநூறு தார் களக்காட்டு ஏத்தன்.
விடிவதற்குள் கொல்லம் சந்தை.
பக்கத்தில் சேர்மக்கனி,
திங்கட்கிழமையிலிருந்து என்னோடு பேசாதவன்.
பேசவிடாமல் செய்தது நான்தான்.
"ட்ரிப்புக்கு எட்டு லிட்டர் எங்கல போவுது?
டேங்க் சாவி ஒங்கிட்டதான கெடக்கு?"
பங்கில் நாலுபேர் பார்க்கக் கேட்டேன்.
சாவியை டேஷ்போர்டில் வைத்தான்.
வாயையும் அங்கேயே வைத்துவிட்டான்.

என்ஜின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தோம்.
பெடலிலிருந்து போகும் கம்பி
பம்பு லீவரை விட்டுத் தொங்கியது,
அறுந்த காதில் கம்மல் மாதிரி.
கிண்ணம் வாய் அகன்று,
உருண்டை தேய்ந்து வேப்பம்பழமாகி,
எத்தனை மாதமாகவோ இரண்டும்
பேருக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

நைலான் கயிறு கட்டினேன்.
மேனிஃபோல்டு சூட்டில் உருகி இற்றது.
நான் கெட்டவார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது
அவன் தார்பாய்க்குள் கைவிட்டு
தாரில் சுற்றியிருந்த வாழைநாரை உருவினான்.
தண்ணீரில் நனைத்து, தொடையில் வைத்து
முப்புரியாய் முறுக்கினான்.
லீவரில் ஒரு முனை, அவன் உள்ளங்கையில் மறுமுனை.
சாக்கை நாலாய் மடித்துப் போட்டு
என்ஜின் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தான்.
ஸ்டியரிங் நான், கிளட்ச் நான், கியர் நான்.
ஆக்சிலேட்டர் அவன்.

"குடு" என்றேன்.
நாலு நாளில் அவனிடம் சொன்ன முதல் சொல்.
கொடுத்தான். லாரி அலறியது.
"விடு."
விட்டான். விக்கி நின்றது.
"கிளட்ச் எடுக்கையில மெள்ள குடுக்கணும்ல, சவமே!"
"அண்ணாச்சி சொன்னாத்தான தெரியும்."

குடு.
விடு.
குடு.

ரெண்டாவது கியரில் வள்ளியூர் வரை.
ஏதோ ஒரு மேட்டில்
நான் சொல்வதற்குள் கொடுத்துவிட்டான்.
அப்புறம் நான் சொல்லவில்லை.
என் இடது முட்டியைப் பார்த்தே இழுத்தான்;
முட்டி எழும்பினால் நார் இறுகியது.
இருபது வருஷத்தில் என் காலை
யாரும் இப்படிப் படித்ததில்லை.
கூச்சமாக இருந்தது.

பாங்கு சொல்லும் நேரம்
பீர்மைதீனை எழுப்பினோம்.
தேய்ந்த உருண்டையைப் பல்புக்கு நேரே திருப்பினார்.
"பாதி மிதிதான் வே பம்புக்குப் போயிருக்கு.
ஸ்பிரிங்கும் செத்துட்டு, விட்டாலும் முழுசா மூடல.
டீசலு என்ன குடி குடிச்சிருக்கும்!"

நான் சேர்மக்கனியைப் பார்க்கவில்லை.
அவன் உள்ளங்கையில் நார் அறுத்த கோட்டில்
கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.
எட்டு லிட்டருக்கும் இந்த வேப்பம்பழமே பொறுப்பா
என்று எனக்குள் ஒரு கணக்குப்பிள்ளை எழுந்து நின்றான்.
உட்காருல என்றேன்.
அரைமனதாக உட்கார்ந்தான்.

பால் ஜாயிண்ட் இருநூற்றி நாற்பது,
ஸ்பிரிங் அறுபது, கூலி நூற்றைம்பது.
கொல்லம் ஏலம் போயிற்று.
நாகர்கோவில் கமிஷன் கடைக்குப் போன் போட்டேன்,
கேட்ட விலைக்குத் தலையாட்டினேன்.

புது மிதியில் ஆட்டமே இல்லை.
தொட்டால் போதும், லாரி நகர்ந்தது.
பணகுடி வரைக்கும்
கால் வைக்கவே பயமாக இருந்தது.

காவல்கிணற்றில் காற்று தார்பாயை அடித்தது.
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
மிச்சத்த நீயே வச்சுக்கிடு
என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"ரெண்டு டீ, ரெண்டு வடை" என்று வந்தது.

வாங்கி வந்தான்.
டம்ளர்களை பம்பர்மேல் வைத்துவிட்டு
மீதியைத் தாள் தாளாக
என் கையில் எண்ணி வைத்தான்,
டீக்கடையில் நாலுபேருக்குக் கேட்கும்படி.
"நானூத்தி அம்பது. சரியா இருக்கா?"

சரியாக இருந்தது.
சாவி டேஷ்போர்டிலேயே கிடந்தது.