பூண்டு நாறும் கல்

சத்தியமங்கலம் தாண்டி ஜீப்பில் முக்கால் மணி நேரம்,
பிறகு நடை.
பொன்னாங்கரடு என்று பேர்தான்;
பார்த்தால் வெள்வேலமும் கிளுவையும்
நடுவே ஒரு குழியும்.

குழிக்கு வாய் ஆறடி.
வெள்ளைக்காரக் கம்பெனி மூன்றரை வருஷம் தோண்டிப்
பாதியில் போட்டுவிட்டுப் போனது.
அதற்கு முன்னால் தோண்டியவர்களுக்குக்
கம்பெனி கிடையாது, பேரும் கிடையாது.
பாறை மேல் இருக்கிறது அவர்கள் கணக்கு:
உள்ளங்கை அகலத்தில் பதினேழு பள்ளங்கள்,
கல்லை வைத்துக் கல்லால் இடித்துத் தேய்ந்தவை.
மழை பெய்தால் பதினேழிலும் தண்ணீர் நிற்கும்.
தட்டான் வந்து வாலை நனைத்துப் போகும்.

என் வேலை சாம்பிள் எடுப்பது.
சுத்தியல், உளி, துணிப்பை, நம்பர் போட்ட சீட்டு.
டார்ச்சைப் பொங்கியண்ணன் பிடித்துக்கொள்வான்;
ஜீப் ஓட்ட வந்தவன், இறங்கினால்
"உள்ள வவ்வாலுங்கொ" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

சுவரில் நைஸ் பாறை. கருப்பும் வெளுப்பும்
பவானி ஜமக்காளக் கோடாய்
மடிந்து மடிந்து கிடக்கிறது.
எந்தக் காலத்திலோ இளகி வளைந்தது,
இறுகிய பின் ஓரிடத்தில் விண்டது.
விண்ட இடத்தில் சூடுதண்ணீர் ஏறி வந்து
ஆறி உறைந்ததுதான் வெங்கச்சங்கல்.
சின்ன வயசில் இரண்டை உரசித் தீப்பொறி பார்த்தோமே,
அதே கல். இங்கே ஒரு சாண் பட்டையாகச்
சாய்ந்து இறங்குகிறது வடகிழக்கே.
சூடுதண்ணீர் தனியாக வருமா?
கந்தகத்தைக் கூட்டி வந்தது,
இரும்பை, செம்பை, துளி ஈயத்தை,
கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரையாட்டம்.
எல்லாருக்கும் பின்னால், கடைசிப் பந்தியில்
தங்கம்.

அது கண்ணுக்குத் தெரியவில்லை.
மினுக்கியதெல்லாம் வேறு சரக்கு:
மஞ்சளாய்ச் சதுரம் கட்டிய இரும்புக் கந்தகம்,
மயில்கழுத்து நிறத்தில் செம்பு,
இரண்டுக்கும் நடுவே
புதிதாய் ஈயம் பூசிய பாத்திரத்தின் வெளுப்பில்
ஓர் ஆப்புச் சில்லு.
அதைத் தட்டினேன்.
இருட்டில் குப்பென்று வெள்ளைப்பூண்டு.

பொங்கியண்ணன் சிரித்தான்:
"யாருங்க உள்ள ரசம் வெக்கறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பூண்டு வாசம் வந்தால் அது பாஷாணம்.
தங்கத்துக்கு அதுதான் கூட்டாளி;
ஒன்று இருந்தால் மற்றதைத் தேடு என்று
வகுப்பில் சொன்னபோது
நல்ல செய்தியாகத்தான் எழுதிக்கொண்டேன்.

வெளியே மாராத்தாள் வெள்ளாடுகளோடு நிற்கிறாள்.
"பவுனு கெடச்சுதுங்களா?"
"பாக்கோணுங்க்கா."
"இந்தாங்க தண்ணி. மொகமெல்லாம் கல்லுப்பொடி."
கரட்டடிப் போர்க்குழாய்த் தண்ணீர், சொம்பு நிறைய.
குடித்தேன். சில்லென்று நன்றாகத்தான் இருந்தது.
சொம்பை வாங்க நீட்டிய உள்ளங்கையில்
மிளகு மிளகாய்த் தடித்த தோல்.
தொரட்டி பிடித்த கை என்று முதலில் நினைத்தேன்.
பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக்
கல்லோடு சேர்த்துக் கட்டினேன்.
நம்பர் நாற்பத்தி மூன்று.

பத்தொன்பது நாள் கழித்துத் தாள் வந்தது.
டன்னுக்குத் தங்கம் முக்கால் கிராம்.
தோண்டினால் டீசல் காசுகூடத் தேறாது.
கோப்பை மூடச் சொன்னார்கள்,
தொல்லை விட்டது என்ற குரலில்.
நாற்பத்தி மூன்றாம் வரிசையில்
தங்கத்துக்கு நேரே சின்னக் கோடு.
பக்கத்துக் கட்டத்தில் ஆர்சனிக்:
இருக்கலாம் என்ற அளவைப்போல் பதினோரு மடங்கு.

இன்றைக்கு ஜீப் இல்லை. பஸ்.
மடியில் கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவின் நகல்,
பையில் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட்.
குழாய்க்குப் பூச ஐந்து நிமிஷம் போதும்.
பூசி முடித்ததும் அவள் கேட்பாள்:
"அப்ப எந்தத் தண்ணியக் குடிக்கறதுங்கொ?"

அடுத்த குழாய் மூன்று கிலோமீட்டர்.
அதையும் இன்னும் சோதிக்கவில்லை.