வாயு: உண்டு / இல்லை

ஆறு பத்துக்கு முதல் டிப்பர்
பின்பக்கமாகவே உள்ளே வரும்.
பலகையில் எழுதியிருக்கிறது,
இங்கே உலர்ந்த குப்பை மட்டும் என்று.
பெங்களூர் மழைக்குப் பலகை படிக்கத் தெரியாது.

முன் கொட்டகையில் தெரசா
கண்ணால் பிரிப்பதில்லை, காதால் பிரிக்கிறாள்.
கசக்கினால் கிறீச்சிடுவது ஒரு சாக்கு,
சரசரப்பது இன்னொரு சாக்கு,
எந்தச் சத்தமும் போடாதது
சிமெண்ட் ஆலை அடுப்புக்கு.

எனக்குப் பின் கொட்டகை,
சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.
உப்பிய பேட்டரிகளை மணல் வாளியில் இறக்குவேன்.
டியூப் லைட் உடைந்தால்
கதவைத் திறந்துவைத்து
கால்மணி நேரம் வெளியே நிற்கச் சொன்னார்கள் பயிற்சியில்.
கொட்டகைக்குக் கதவே இல்லை.
மைக்ரோவேவை மட்டும் நான் நம்புவதில்லை.
பிளக்கைப் பிடுங்கி ஒயரை அறுத்த பிறகும்
உள்ளே ஒரு தகர டப்பா
தன் கடியை வைத்துக்கொண்டு காத்திருக்கும்.
போன தையில் என் கட்டைவிரலுக்குத் தெரிந்த பாடம் அது.

திங்கள் சாயங்காலம் ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது.
வெளிர் பச்சை, ஒற்றைக் கதவு.
கதவில் பல் டாக்டரின் காந்தம்.
முட்டைக் குழிகளில் நகப்பூச்சுக் குப்பி ஒன்று, கறிவேப்பிலைக் காம்பு.
பின்னால் குனிந்து பார்த்தேன்:
கம்ப்ரஸர் இருந்தது, குழாய் முழுசாக இருந்தது.
எடை நாற்பத்தொன்று.
வாயு என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை லாரி.
மறுபடி தராசில் ஏற்றினோம்.
நாற்பத்தொன்று.
ஆனால் சாய்த்தபோது
கனம் ஒரு விநாடி தாமதமாகச் சாய்ந்தது.

பின்னால்,
கம்ப்ரஸர் உட்கார்ந்த இடத்தில்
கடப்பைக் கல்.
ஆடாமல் இருக்கத் துணி சுற்றியிருந்தது,
காய்ச்சல் பிள்ளைக்குச் சுற்றுவது மாதிரி அக்கறையாக.
துணி எங்கள் பச்சைக் கோட்டு.
குழாய் நுனியைச் சுத்தியலால் நசுக்கியிருந்தார்கள்.
தரையில் எண்ணெய், உள்ளங்கை அகலம்,
இன்னும் எறும்பு ஏறாதது.

சோமசேகர் சார் குரலைத் தாழ்த்தினார்:
'உண்டு'ன்னே இருக்கட்டும் பவுலின்,
கண்ணுக்குத் தெரியற சாமானா அது?

தெரியாதுதான்.
பதினெட்டு வருஷமோ என்னவோ
ஒரு வீட்டுப் பாலைத் திரியாமல் பார்த்துக்கொண்டது
ராத்திரி இரண்டு மணிக்கு
'புஸ்' என்று ஒரே மூச்சில் போயிருக்கும்.
மேலே போனதைச் சாக்குப் பிடித்து இறக்க முடியாது.
சித்திரை வெயில் தகரத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

டீ வந்தது.
ராத்திரிக் காவல் தஸ்தகீர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.
டம்ளரை இடது கையில் வாங்கினான்.
வலது கையில் இரண்டு விரல் நுனி
வெளுத்து, மெழுகு போல் தடித்திருந்தது.
அது நெருப்புச் சுட்ட நிறம் இல்லை.
குளிர் சுட்டால் அப்படித்தான் இருக்கும்.

கம்ப்ரஸர் பழைய இரும்புக் கடையில் எழுநூறு போகும்.
அவனுக்கு என்ன முடை என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்,
சொல்லியிருந்தால்
பேனா நகர்ந்திருக்காது.

வெதுவெதுப்பான தண்ணியில வை, தேய்க்காதே
என்றேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
டம்ளரைப் பார்த்தான்.

பிறகு நோட்டைத் திறந்தேன்.
ஒன்பது வருஷத்தில் நான் அடித்து எழுதியது கிடையாது.
'உண்டு' மேல் ஒரு கோடு.
பக்கத்தில் 'இல்லை'.
கோட்டுக்குக் கீழே என் முதலெழுத்து.
காரணம் என்ற கட்டம்
ஒரு தீப்பெட்டி அகலம்கூட இல்லை.
அதில் 'இரவில், இங்கே' என்று எழுதினேன்.
பெயருக்கு இடம் போதவில்லை
என்று சொல்லிக்கொள்ளலாம்.

லாரிக்காரன் முந்நூறு குறைத்தான்.
சார் மத்தியானம் வரை என்னிடம் பேசவில்லை.

கல்லை யாரும் கேட்கவில்லை.
டியூப் லைட் பெட்டி வைக்கிற மேசை
ஒரு கால் குட்டை, ரொம்ப நாளாக ஆடுகிறது.
துணியை அவிழ்த்துவிட்டு
கல்லை அடியில் தள்ளினேன்.

இப்போது ஆடுவதில்லை.
கோட்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்,
அவன் வருகிற வழியில்.