ஹ இல்லாத விசைப்பலகை

ஸாவென் ரஷ்யாவுக்குப் பஸ் ஏறியபோது
விட்டுப் போனவற்றில் இதுவும் ஒன்று:
ஒரு ஜிபி நினைவும் உடைந்த கீலும்
கொண்ட மடிக்கணினி.
திறந்தால் வெகுநேரம் யோசிக்கும்,
பிறகு கடவுச்சொல் கேட்கும்.
அவன் சொல்லிவிட்டுப் போகவில்லை.
நானும் தொலைபேசியில் கேட்கவில்லை.
கேட்க வேண்டிய வேறு கேள்விகள்
வரிசையில் முன்னால் நின்றன.

ஏழு பனிக்காலம் அது
அலமாரிக்கும் சுவருக்கும் இடையில்
கியும்ரியின் குளிரைத் தின்றுகொண்டு நின்றது.

ஆலையை மூடியபின்
நானும் சாதெனிக்கும் யெப்ராக்ஸியும்
கடனில் வாங்கிய காலுறை எந்திரம் இரண்டு.
கணக்கை சிகரெட் அட்டையில் எழுதுகிறாள் சாதெனிக்.
வங்கியில் அட்டையை ஏற்கமாட்டார்களாம்.
புதுக் கணினிக்கு விலை கேட்டேன்.
கடைக்காரர் சொன்ன எண்ணுக்கு
எத்தனை ஜோடி பின்ன வேண்டும் என்று
வழியெல்லாம் பெருக்கி
மருந்துக்கடை முனையில் விட்டுவிட்டேன்.

சாதெனிக்கின் மைத்துனன் அர்தவாஸ்த்
சிவப்பு நூல் கட்டிய பென் டிரைவ் ஒன்று கொடுத்தான்.
"சின்ன சிஸ்டம், அக்கா.
கிழட்டுக் கழுதைகூட இதைச் சுமக்கும்."

முதலில் அடிமூடியைக் கழற்றினேன்.
காற்றாடிக்குள் கம்பளம் போலத் தூசு,
அதில் செம்பழுப்பு மயிர்.
எங்கள் பூனை செத்து ஐந்து வருடம்.
இடுக்கியால் எடுத்தேன்.
குப்பைக்குப் போன கை சற்றுத் தயங்கி,
பிறகு போட்டது.

பென் டிரைவைச் செருகி எழுப்பினேன்.
கறுப்பில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி
சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுத் திரை,
மூலையில் கடிகாரம். நேரம் தப்பு.
கடவுச்சொல்லே கேட்கவில்லை.
முன்கதவைப் பூட்டிய வீட்டில்
கொல்லைக்கதவு இத்தனை நாளும்
திறந்தே கிடந்திருக்கிறது.

உள்ளே அவனுடைய கோப்புகள்.
ஜன்னல் சட்டங்களின் படம் இருநூறு.
யாருடையதோ கல்யாணம்.
'திட்டம்' என்று ஒரு கணக்குத் தாள்:
மூன்று பனிக்காலம், பிறகு வீடு.
கூரை. கொதிகலன். அம்மாவுக்குப் பல்.
பதினொன்றாம் வரியில்
ஹ்ரானுஷுக்கு பூட்ஸ், 38.

என் கால் முப்பத்தேழு.

அந்த வரியை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று
அந்தத் தப்புக் கடிகாரத்துக்குத்தான் தெரியும்.
கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன்.
வந்தது சிரிப்பு, அதுவும் முழுசாக இல்லை.
ஓர் அளவு பெரிதென்றால்
தடித்த காலுறை போட்டுக்கொண்டால் ஆயிற்று என்றாள்
எனக்குள் புதிதாகக் குடிவந்த வியாபாரி.

'நிறுவு' என்பதை அழுத்தினேன்.
வட்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், உறுதியா?
என்று கேட்டது.
இந்த ஏழு வருடத்தில்
இவ்வளவு மரியாதையாக என்னிடம்
யாரும் எதையும் கேட்டதில்லை.
தேநீர் போட்டேன். குடித்தேன்.
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன்.
திரும்பி வந்தபோதும் கேள்வி அங்கேயே நின்றது,
அவசரப்படுத்தாமல்.

ஆம்.

இருபது நிமிடம்.
யெப்ராக்ஸி வந்து எட்டிப் பார்த்து
"உயிர் இருக்கா?" என்றாள்.
இருந்தது. காற்றாடி முனகவில்லை.
முன்பெல்லாம் தொடை பொசுங்கும், இப்போது
மடியில் இருப்பதே தெரியவில்லை.
எரிவாயு விற்கிற விலைக்கு அது ஒரு நட்டம்தான்.

கடைசியில் பெயர் கேட்டது.
'ஹ' விசை எப்போதோ கழன்று போயிற்று.
அந்தக் குழியில் தீக்குச்சியால் குத்தினால்
சில நேரம் எழுத்து விழும்.
குத்தினேன். விழவில்லை.
இன்னொரு முறை குத்தவில்லை.

வருக, ரானுஷ், என்றது.

புதுத் தாள் ஒன்று திறந்தேன்.
நூல், பதினாறு கிலோ, கடன்.
ஊசி, ஆறு.
அதில் ஒன்று வளைந்தது.