பத்துக்குப் பதினொன்று

"முப்பத்தொன்றுதான் வரும்" என்றார்
செம்மண்டலம் கிளையில் அந்த அம்மாள்,
திரையை எங்கள் பக்கம் திருப்பாமலே.

வீடு முப்பத்தெட்டு.
கூத்தப்பாக்கத்தில் உள்ளே தள்ளி மூன்றாவது தெரு.
தானே புயலில் தலை போன ஒரு தென்னை.
போர் தண்ணீர் உப்புக் கரிக்காது என்று
தரகர் இரண்டு முறை குடித்துக் காட்டிய வீடு.

மஞ்சக்குப்பம் லேபில் செவ்வந்திக்குப்
பாதிச் சம்பளம் கையில் தருகிறார்கள்.
கையில் தருவது சம்பளம் இல்லையாம்.
சிப்காட்டில் கைக்குட்டையால் மூக்கைக் கட்டி
நான் நின்ற கூடுதல் இரவுகள்
எதுவும் அந்தக் கணக்கில் ஏறவில்லை.
பைக் கடன் மட்டும்
யாரும் சொல்லாமலே ஏறி உட்கார்ந்திருந்தது.

ஏழு லட்சம்.

மச்சானைக் கூட்டு மனுதாரராகச் சேர்க்கலாமா என்றேன்.
அவர் மனைவி, நான் பாதி குடித்திருந்த காபியை
எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

விற்கிறவரே வழி சொன்னார்.
கலியமூர்த்தி. நெய்வேலியில் ஓய்வு பெற்றவர்.
பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றுகிறவர்.
"ஏழு லட்சத்துக்கு ஒரு ரூமை நான் வச்சுக்கறேன்.
குடுத்து முடிச்ச அன்னிக்கு சாவி."

பத்திரத்தில் அது இல்லை.
இருபது ரூபாய்த் தாளில், அவர் கையெழுத்தில்,
மாதம் பன்னிரண்டாயிரம்,
ஐம்பத்தெட்டு மாதமும் மேலே ஒரு நாலாயிரமும்.

வடகிழக்கு அறை. பத்துக்குப் பதினொன்று.
ஈசானிய மூலையையா விட்டீர்கள் என்று
பால் காய்ச்ச வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.
பால் வங்கியின் அடுப்படியில் பொங்கியது.
கூடமும் வங்கிக்கு. பூட்டிய அறை கலியமூர்த்திக்கு.
மாடிப்படிக்குக் கீழே செருப்பு விடுகிற இடம்
எங்களுடையதாக இருக்கலாம்,
சரியாகப் பார்க்கவில்லை.

"உள்ள யாரு இருக்கா?" என்றாள் நிறைமதி.
"பாக்கி" என்றாள் செவ்வந்தி, மாவு சலித்தபடி.

அன்றிலிருந்து தூங்கப் போகும்முன்
கதவில் வாய் வைத்து
பாக்கிக்குப் பள்ளிக்கூடத்துக் கதை சொல்கிறாள்.
அடியில் இருக்கும் இடுக்கு வழியே
பிஸ்கட்டும் தள்ளியிருக்கிறாள்,
எறும்பு வரிசை காட்டிக்கொடுக்கும்வரை
எங்களுக்குத் தெரியாது.

முதல் ஞாயிறு காலை, நெய்வேலி பஸ்ஸில் இறங்கி
கலியமூர்த்தி வருவார்.
பணத்தை எண்ணமாட்டார். நோட்டில் எழுதுவார்.
பிறகு அறையைத் திறந்து ஃபேனைப் போட்டு
பத்து நிமிடம் தனியே இருப்பார்.
உள்ளே நாற்காலிகூட இல்லை என்பதை
ஒருமுறை கதவு சாத்தும்போது பார்த்தேன்.

அக்கினி நட்சத்திரத்தில் வந்தவர்
உள்ளங்கையில் மூன்று நமுத்த பிஸ்கட்டோடு வெளியே வந்தார்.
"யாருக்குப் பாப்பா?"
"பாக்கிக்கு. அதுக்கு யாருமே சாப்பாடு தரல."

கண்ணாடியைக் கழற்றினார்.
பேசவில்லை.
பூட்டிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு,
தெருமுனையில் திரும்பி வந்து சரியாகப் போட்டுப் போனார்.

ஃபேனை நிறுத்தவில்லை.

அது ஓடுகிறது. இரவில் கூடத்தில் படுத்தால் கேட்கிறது.
போன் செய்யலாம். செய்யவில்லை.
கரண்ட் பில் எங்களுடையதுதான்;
அந்த அறையில் இப்போதைக்கு
எங்களுக்கென்று இருப்பது அது ஒன்று.
செவ்வந்தி புரண்டு படுத்து
ஐம்பது என்கிறாள், இன்னும் ஐம்பது.

"பாக்கிக்கு வேர்க்குதுபோல" என்கிறாள் நிறைமதி,
கண்ணை மூடிக்கொண்டே.