குறுக்குமரம்

உசிலம்பட்டிக்குப் போகும் வண்டித்தடத்தில்
எங்கள் ஊர் முடிகிற இடத்தில்
துரை ஒரு மரம் போட்டார்.
வாகை. எங்கள் கண்மாய்க்கரையில் வெட்டியது.
வெட்டுக்கூலி ஓரணா, அதுவும் பாக்கி.

பொழுது சாய்ந்தால் மரம் இறங்கும்.
ஆம்பளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு
சாவடிக்குப் போவார்கள்.
அறுபத்து மூன்று பாய்.
பதிவேட்டில் கட்டைவிரலை அழுத்திவிட்டு
மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு
படுப்பார்கள்.
என் வீட்டுக்காரர் கருத்தமாயன்
இருபத்தேழாம் எண்.

வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும்.
தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து,
தாய்மாமன் மடி வேண்டும் என்று கேட்டார்.
சீட்டு வந்தபோது
காது ஆறிவிட்டிருந்தது.

மரத்துக்கு அந்தப்பக்கம் எங்கள் வயல்.
தண்ணீர் முறை நடுச்சாமம்.
விடியட்டும் என்றால் தண்ணீர் கேட்குமா?
மண்வெட்டியை நான் எடுத்தேன்.
குனிந்து நுழைகிறபோது
காவலிருந்த ஞானாபரணம் ஏட்டையா
லாந்தரைத் தூக்கிப் பார்த்தார்.
பதிவேட்டைப் புரட்டினார்.
பொம்பளைக்கு அதில் பக்கம் இல்லை.
"போ" என்றார்.

அந்தப் "போ"வை
மடை திறந்த வயலுக்குள் நின்று
கால் விறைக்கும் வரை யோசித்தேன்.
கணக்கில் இல்லாதவர்கள் நாங்கள்.
இல்லாதவளை எந்த விலங்கில் பூட்டுவார்கள்?

ஒச்சம்மாளிடம் சொன்னேன்.
அவள் யாரிடம் சொன்னாளோ,
ஐப்பசி அமாவாசையில், அடைமழையில்
பதினோரு பேர் வந்து நின்றோம்.
ஏட்டையா தூங்கும் நேரம் ஊர் நாய்க்கும் தெரியும்.
ஊறிய வாகை
பிணத்தைவிடக் கனம்.
விருமாயிக்கு ஏழு மாசம்,
நீ தொடாதே என்றோம்.
சரி, லாந்தரை நான் அணைக்கிறேன் என்றாள்.

விடிந்து துரை குதிரையில் வந்தார்.
"எவன்?" என்றார்.
பதிவேட்டைத் திறந்தார்கள்.
அறுபத்து மூன்று கட்டைவிரல்.
ராத்திரி வைத்ததும் இருந்தது,
விடியலில் வைத்ததும் இருந்தது,
ஒன்று குறையவில்லை.
சர்க்கார் காகிதமே
எங்கள் ஆம்பளைகளுக்குச் சாட்சி சொன்னது.
துரை அந்தப் பக்கத்தை
இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.
மை அவர் விரலில் ஒட்டியது.

படப்புக்குப் பக்கத்தில் நான்
எரு தட்டிக்கொண்டிருந்தேன்.
அவர் பார்வை என் தலைக்கு மேலாகப் போய்
நாகமலையில் யாரையோ தேடியது.

மரம் எங்கே என்று கேட்காதீர்கள்.
அந்த மாசம் பதினோரு அடுப்பில்
சோளக்கஞ்சி நன்றாகக் கொதித்தது.
வாகைப் புகைக்குக் கண் எரியும்,
அவ்வளவுதான்.

கார்த்திகையில்
மதுரை ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில்
இரும்புத் தடி வந்தது.
எரியாது. உளுக்காது.
அன்றைக்குச் சாயங்காலமே ஒச்சம்மாள்
தண்ணீருக்குப் போகிறவள்போலப் போய்
இடுப்புக் குடத்தை இறக்கிவைத்து
ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பதினாறு பேர் வேணும்டி" என்றாள்.